சூடு முள் ஏறும்போது: பழைய லொறியில் காரணம் தேடும் முறை

சொந்தக் காணியை விட்டு வந்து குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு லொறி என்பது வெறும் வாகனம் அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் மக்கள் வெளியேறியபோது கையில் எடுக்க முடிந்ததை ஏற்றி வந்தவை இப்படிப்பட்ட பழைய லொறிகளும் உழவு இயந்திரங்களுமே. இன்றும் வெங்காயத்தையோ நெல்லையோ பூசணியையோ சந்தைக்குக் கொண்டுபோவது பல இடங்களில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு பழைய லொறிதான். அந்த லொறி நடுவழியில் நின்றால் ஒரு குடும்பத்தின் பயணம் மட்டும் கெடுவதில்லை. பல குடும்பங்களின் விளைச்சல் வெயிலில் கிடந்து வாடும்.

பழைய லொறிகளை நிறுத்தும் கோளாறுகளில் முக்கியமானது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாவது. சூடு மீற்றரின் முள் ஏறுவதைக் கண்டதும் பலரும் கேட்கும் முதற் கேள்வி, “எந்தச் சாமானை மாற்ற வேண்டும்?” என்பதுதான். இந்தக் கேள்வியால்தான் பணம் வீணாகிறது. தெர்மோஸ்ரற்றை மாற்றுவார்கள், பிறகு வோட்டர் பம்பை மாற்றுவார்கள், பிறகு ரேடியேற்றரை மாற்றுவார்கள். முள் மட்டும் இறங்காது. நாம் முதலில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: “முள் எப்போது ஏறுகிறது?” இதற்குச் சரியான விடை கிடைத்தால் பாதி நோய் தெரிந்துவிடும். இப்பாடம் அந்த விடையைத் தேடும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறது. இசுசு எல்ஃப், மிற்சுபிசி கன்ரர் போன்ற பழைய யப்பான் டீசல் லொறிகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டாலும், தண்ணீரால் ஆறும் எந்தப் பழைய எஞ்சினுக்கும் பொருந்தும்.

1. சூடு எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

டீசல் எரியும்போது உண்டாகும் சூட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் சில்லைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறுகிறது. மிஞ்சிய சூட்டைத் தண்ணீர் எடுத்துச் சென்று ரேடியேற்றரில் காற்றுக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தச் சுற்றுப் பாதையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வோட்டர் பம்ப் தண்ணீரை எஞ்சினுக்குள் தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடிச் சூடேறி, மேலே தெர்மோஸ்ரற் என்னும் சிறு கதவை அடைகிறது. தண்ணீர் 80 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்வரை அந்தக் கதவு மூடியிருக்கும். பிறகு திறந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேற்றருக்கு விடும். ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றினால் தண்ணீர் ஆறும். ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் பம்புக்கு வரும்.

ரேடியேற்றர் மூடிக்கும் ஒரு வேலை உண்டு. அது தண்ணீரை அமுக்கத்தில் வைத்திருக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 0.9 என்று பொறித்த மூடியின் கீழ் அது ஏறத்தாழ 118 பாகை வரை கொதிக்காது. மூடியின் இறப்பர் வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லாமற் போகும். மரக்கறி ஏற்ற மலைநாட்டுக்குப் போகும் லொறிகளுக்கு இது இன்னும் முக்கியம். உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும்.

ஆகவே சூடு ஏறுவதற்குக் காரணம் நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் போதாது, தண்ணீர் ஓடவில்லை, காற்றுப் போதாது, அல்லது எஞ்சின் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சூட்டை உண்டாக்குகிறது. இவை எதுவும் இல்லாவிட்டால் மீற்றர் பொய் சொல்கிறது.

2. வழியில் முள் ஏறினால்

காரணம் தேடுவதற்கு முன் எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும். சாரதியும் கூடப் போகிறவர்களும் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

முள் ஏறுகிறது, ஆனால் சிவப்புக் கோட்டைத் தொடவில்லை, ஆவியும் இல்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். ஏற்றத்தில் உயர்ந்த கியரில் திணற விடாமல் ஒரு கியர் இறக்குங்கள். பம்பும் விசிறியும் அப்போது விரைவாகச் சுற்றும். இறங்காவிட்டால் காற்று முன்பக்கம் வரும்படி நிழலில் நிறுத்தி, எஞ்சினைச் சற்றுக் கூடுதலான வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள். முள் இறங்கிய பின் நிறுத்துங்கள்.

முள் சிவப்பில் நிற்கிறது, ஆவி வருகிறது, பெல்ற் அறுந்துவிட்டது, அல்லது தண்ணீர் கொட்டுகிறது என்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த சந்திவரை போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். அந்த ஒரு கிலோமீற்றரில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடலாம்.

உயரத்தில் நின்ற முள் திடீரென்று குளிர்ப் பக்கம் விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் வற்றிச் சென்சர் வெறுமையில் நிற்கும்போதும் முள் இப்படி விழுவதுண்டு. அது மிக ஆபத்தான அறிகுறி. உடனே நிறுத்திப் பாருங்கள்.

சூடான ரேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். பின்னரும் தடித்த ஈரச் சாக்கைப் போட்டு, முகத்தை விலக்கி, முதல் தடை வரை மட்டும் திருப்பி அமுக்கத்தை வெளியேற விட்டு, அதன் பிறகே கழற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சூடான இரும்பு வெடிக்கும். எஞ்சின் ஆறிய பின், அதை ஓட விட்டு, சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

3. முள் உண்மை சொல்கிறதா?

பழைய லொறியின் மீற்றரை அப்படியே நம்பவும் கூடாது, ஒதுக்கவும் கூடாது. விசாரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் டீசல் முள்ளைக் கவனியுங்கள். சூடு முள்ளும் டீசல் முள்ளும் ஒன்றாகவே ஏறி இறங்கினால் கோளாறு எஞ்சினில் அல்ல. டாஷ்போட்டின் மின்சாரத்திலோ அதன் எர்த் வயரிலோ இருக்கக்கூடும்.

அடுத்தது சென்சரின் வயர். பெரும்பாலான லொறிகளில் சென்சர் சூடேறச் சூடேறக் கூடுதல் மின்சாரத்தை விடும், முள் ஏறும். ஆகவே குளிர்ந்த எஞ்சினில் திறப்பைப் போட்டு, சென்சரின் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். கழற்றிய பிறகும் மேலேயே நின்றால், அந்த வயர் எங்கோ உரசிப் பட்டு எஞ்சின் உடலைத் தொடுகிறது, அல்லது மீற்றர் பழுது.

இன்னும் உறுதியாக அறியக் கொதிநீர்ச் சோதனை உண்டு. எஞ்சின் நன்றாக ஆறியபின் சென்சரைக் கழற்றுங்கள். துளையால் தண்ணீர் ஒழுகாமல் ஒரு தக்கையால் அடையுங்கள். சென்சரின் வயரை அதிலேயே விட்டு, அதன் உடலிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு வயரைக் கட்டுங்கள். திறப்பைப் போட்டுச் சென்சரின் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். அந்தத் தண்ணீர் 100 பாகை என்பதில் சந்தேகமில்லை. முள் நிற்கும் இடத்துக்கு நேரே கண்ணாடியில் ஒரு சிறு கோடு போடுங்கள். பிறகு மூன்று பங்கு கொதிநீரும் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீரும் கலவுங்கள். அது 80 பாகை அளவில் இருக்கும். அங்கும் ஒரு கோடு போடுங்கள். இனி உங்கள் மீற்றர் என்ன சொல்கிறது என்பது சாரதிக்குத் தெரியும். முள் 80க்கும் 90க்கும் இடையில் நின்றால் எஞ்சின் நலமாக இருக்கிறது. 100ஐத் தாண்டினால் விசாரணை தொடங்க வேண்டும்.

இன்று சில கராஜ்களில் தொடாமல் தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவி இருக்கிறது. கிடைத்தால் தெர்மோஸ்ரற் மூடியிலும் ரேடியேற்றரின் மேலும் கீழும் அளந்து முள்ளோடு ஒப்பிடலாம்.

4. எப்போது ஏறுகிறது?

மீற்றர் உண்மை சொல்கிறது என்று தெரிந்துவிட்டால் சாரதியிடம் கேளுங்கள், “அண்ணை, எப்பிடி நேரத்தில முள் ஏறுது?” என்று. அவர் சொல்வது கீழுள்ள ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

அ. நிற்கும்போதும் ஊரும்போதும் ஏறி, ஓடத் தொடங்கினால் இறங்குகிறது.

ஓடும்போது காற்றுத் தானாக வருகிறது. நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே கோளாறு விசிறிப் பக்கம். பான் பெல்ற்றை இரண்டு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்துங்கள். 10 முதல் 15 மில்லிமீற்றர் வரை அமிழ வேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் பெல்ற் வழுக்குகிறது. கண்ணாடிபோல் பளபளத்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றுங்கள். விசிறி இதழ் உடைந்திருக்கிறதா, விசிறியைச் சுற்றிய தகட்டு வளையம் கழன்று போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வளையம் இல்லாவிட்டால் விசிறி ரேடியேற்றரூடாகக் காற்றை இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஆடி மாதத்தில் சோளகம் பின்னாலிருந்து தள்ள மெதுவாக ஊரும் லொறிக்கும் முன்காற்றுக் கிடைக்காது. அந்த ஒரு திசையில் மட்டும் முள் ஏறினால் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

ஆ. வெறுமையாக ஓடும்போது சரி. சுமையோடு அல்லது ஏற்றத்தில் ஏறுகிறது.

இதுவே அடிக்கடி காண்பது. ரேடியேற்றரால் முழு வேலையையும் செய்ய முடியவில்லை என்று பொருள். முதலில் வெளிப்புறத்தைப் பாருங்கள். வைக்கோற் தூசு, புல்விதை, பூச்சி, செம்மண் ஆகியவை தகடுகளுக்கிடையே அடைந்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். வேகமாகப் பீச்சினால் தகடுகள் மடிந்துவிடும்.

வெளிப்புறம் சுத்தமாக இருந்தால் உட்புறத்தில் அடைப்பு இருக்கலாம். லொறியை ஓடிவிட்டு நிறுத்தித் திறப்பைக் கழற்றி, விசிறி நின்றபின், ரேடியேற்றரின் முகத்தில் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு மேலிருந்து கீழாகச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் அல்லது ஒரு மூலையில் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த இடத்துக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

கீழ் ஹோஸையும் கவனியுங்கள். ஒருவர் எஞ்சின் வேகத்தைக் கூட்ட மற்றவர் பார்க்கட்டும். பழைய ஹோஸ் மெலிந்து போயிருந்தால், பம்ப் உறிஞ்சும் வேகத்தில் அது சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களுக்கு இது அகப்படாது.

இவை சரியென்றால் எஞ்சின் ஏன் கூடுதலாகச் சூட்டை உண்டாக்குகிறது என்று பாருங்கள். பிறேக் பிடித்தபடி ஓடும் சில்லின் நடுப்பகுதி மற்றவற்றைவிடச் சுடும். கரும்புகை வந்தால் டீசல் பம்பையோ இன்ஜெக்ரரையோ சோதிக்க வேண்டும். அளவுக்கு மீறிய சுமைக்கு மருந்தில்லை. சுமையைக் குறைப்பதே வழி.

இ. தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஏறுகிறது.

தண்ணீர் மிகக் குறைந்திருக்கலாம், உள்ளே காற்று அடைத்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்ரற் திறக்காமல் இறுகியிருக்கலாம். முள் ஏறியபோதும் ரேடியேற்றரின் கீழ்ப்பக்கமும் கீழ் ஹோஸும் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்ரற்றைச் சந்தேகியுங்கள். கழற்றி, நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்துள்ள பாகையளவில் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும்.

ஈ. வெளியே ஒழுக்கு இல்லை. ஆனால் தண்ணீர் குறைந்து, முள் ஏறுகிறது.

ஹெட் கஸ்கற் பழுதோ என்று பார்க்க வேண்டிய இடம் இது. குளிர்ந்த எஞ்சினில் மூடியைக் கழற்றித் தண்ணீரை நிரப்பி எஞ்சினைத் தொடக்குங்கள். முதலில் சில குமிழிகள் வருவது இயல்பு. விடாமல் குமிழி வந்துகொண்டேயிருந்தால் சிலிண்டரின் புகை தண்ணீருக்குள் வருகிறது. மூடியைப் போட்டுத் தொடக்கியதும், எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல்லுப்போல் இறுகினாலும் அதே பொருள். ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் அதில் கலந்துவிட்டது. அதன் பிறகு லொறியை ஓட்ட வேண்டாம். ஹெட்டைக் கழற்றும்போது அது வளைந்திருக்கிறதா என்று நேர்க்கட்டை வைத்துப் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். வளைந்த ஹெட்டின் கீழ் புதிய கஸ்கற் போட்டாலும் அது நிலைக்காது.

உ. முள் துள்ளித் துள்ளி ஆடுகிறது.

எஞ்சினின் தண்ணீரும் இரும்பும் நொடிப்பொழுதில் சூடாவதோ ஆறுவதோ இல்லை. ஆகவே முள் துள்ளினால் தளர்ந்த வயராக இருக்கலாம், அல்லது காற்றுக் குமிழி சென்சரைக் கடந்து போகலாம். முதலில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு வயரைச் சோதியுங்கள்.

5. எமது தண்ணீரும் ரேடியேற்றரும்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அங்குள்ள கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. வன்னியிலும் பல கிணறுகளின் தண்ணீர் கடினமானதே. உங்கள் வீட்டுக் கேத்திலின் உள்ளே வெள்ளையாகப் படிவதைப் பாருங்கள். அதே படிவு எஞ்சினுக்குள்ளும் ரேடியேற்றர்க் குழாய்களுக்குள்ளும் படிகிறது. செம்பு, சுண்ணாம்புப் படிவைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய படிவுகூடச் சூடு வெளியேறுவதைத் தடுக்கும். தடித்த படிவு குழாயையே அடைத்துவிடும்.

இங்கே விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றுண்டு. ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு ஒருமுறைதான் படியும். ஒவ்வொரு நாளும் குறையைத் தீர்க்கக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் ஒவ்வொரு நாளும் புதிய சுண்ணாம்பு உள்ளே போகிறது. ஆகவே ரேடியேற்றரை அடைப்பது ஒழுக்குத்தான். “கொஞ்சத் தண்ணிதானே குறையுது, ஊத்தினாச் சரி” என்று விட்டுவிடும் சிறிய ஒழுக்கு, இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய செலவாக வந்து நிற்கும்.

இதற்கு எமது ஊரிலேயே மருந்துண்டு. மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் முதல் மழைகள் கூரையைக் கழுவிய பின் வரும் தண்ணீரைச் சுத்தமான கானில் பிடித்து மூடி வையுங்கள். இந்த வகைச் சிறு லொறியொன்றின் எஞ்சினுக்கும் ரேடியேற்றருக்கும் சேர்த்துப் பொதுவாக 10 முதல் 15 லீற்றர் போதும். மழைத் தண்ணீர் இல்லாதபோது கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரவு முழுதும் அடைய விட்டு, மேல் தெளிவை மட்டும் எடுத்தால் சுண்ணாம்பின் ஒரு பகுதி குறையும். உவர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். கொதித்தாலும் அதன் உப்புப் போகாது. உப்பு இரும்பை அரித்துவிடும்.

எமது நாட்டில் தண்ணீர் உறையும் பனி இல்லாதபடியால் கூலன்ற் தேவையில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். கூலன்ற் உறையாமற் காப்பதோடு, எஞ்சினும் பம்பும் துருப்பிடிக்காமலும் காக்கிறது. வெறும் தண்ணீரிலேயே ஓடிய எஞ்சின்களில் பம்பின் உள் இதழ்கள் அரித்துத் தேய்ந்து போவதுண்டு. பம்ப் சுற்றும், ஆனால் தண்ணீரைத் தள்ளாது. கூலன்ற் போத்தலில் சொன்ன அளவில் மழைத் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள். ஓர் எச்சரிக்கை: கூலன்ற் இனிப்பான நஞ்சு. பிள்ளைகளும் நாயும் ஆடு மாடுகளும் குடித்துவிடக்கூடும். வடித்த தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

6. ஒரு பயிற்சி

ஒரு கமக்காரர் குழுவின் லொறியை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறது என்று வைப்போம். வெறுமையாகத் திரும்பும்போது முள் நடுவில் நிற்கிறது. சுமையோடு ஒரு மணி நேரம் ஓடியதும் முக்கால் பங்குக்கு மேல் ஏறுகிறது. குழு ஏற்கனவே தெர்மோஸ்ரற்றையும் வோட்டர் பம்பையும் மாற்றிவிட்டது. பலனில்லை. அடுத்தது என்ன?

டீசல் முள் அசையவில்லை. கொதிநீர்ச் சோதனையில் சூடு முள் சரியான இடத்தில் நின்றது. ஆகவே மீற்றர் உண்மை சொல்கிறது. பெல்ற் இறுக்கமாக இருக்கிறது. நிற்கும்போது முள் ஏறுவதில்லை. ஆகவே விசிறிக் கோளாறு அல்ல. குமிழி இல்லை, ஒயிலின் நிறம் மாறவில்லை. ஆகவே கஸ்கற் நலம். கீழ் ஹோஸ் சப்பையாகவில்லை. ரேடியேற்றரின் வெளிப்புறம் சுத்தம். ஆனால் கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தபோது இடப்பக்கக் கீழ்மூலை குளிர்ந்திருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அரை லீற்றர் தண்ணீர் குறைகிறது, சாரதி கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வருகிறார் என்பதும் விசாரித்ததில் தெரிந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இறப்பர் வெடித்திருக்கிறது.

இனிக் கதை விளங்குகிறது. மூடி அமுக்கத்தைத் தாங்கவில்லை. சூடான தண்ணீர் கழிவுக் குழாயால் வெளியேறியது. குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினார்கள். சுண்ணாம்பு படிந்து குழாய்களை அடைத்தது. செய்ய வேண்டியது, ரேடியேற்றரைக் கழற்றித் துப்புரவாக்குவது. செம்பு, பித்தளை ரேடியேற்றர் என்றால் தொட்டியைத் திறந்து கம்பி விட்டு அடைப்பை நீக்கி மீண்டும் ஈயம் வைத்து ஒட்டலாம். அலுமினிய ரேடியேற்றரில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் ரேடியேற்றரை மட்டும் திருத்திவிட்டுப் பழைய மூடியையே போட்டால் அதே நோய் மீண்டும் வரும். இந்த லொறிக்கு முதலில் வாங்கியிருக்க வேண்டியது எல்லாவற்றிலும் மலிவான சாமானாகிய மூடியைத்தான்.

7. செய்யக் கூடாதவை

தெர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவது நல்ல வைத்தியமல்ல. டீசல் எஞ்சின் போதிய சூடில்லாமல் ஓடினால் டீசல் முழுதாக எரியாது, ஒயில் கெடும், சிலிண்டர் விரைவில் தேயும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்ரற் இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பிவிடும். அதனால் சூடு இன்னும் ஏறும்.

ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடுவது வீடு வந்து சேர உதவலாம். அதையே வழக்கமாக்கினால் ஒழுக்கோடு நல்ல குழாய்களும் அடைபடும். சுண்ணாம்பைக் கரைக்கப் பற்றரி அசிற் ஊற்றுவதும், காரச்சோடா போடுவதும் உலோகத்தையே தின்றுவிடும். இதற்கென விற்கும் கழுவு மருந்தை அதன் அளவுப்படி பாவித்து, பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை அலசுங்கள்.

8. வண்டிக் குறிப்புக் கொப்பி

லொறிக்குள் ஒரு சிறு கொப்பி வையுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் நான்கு விடயங்களை எழுதுங்கள்: காலையில் ஊற்றிய தண்ணீரின் அளவு, ஏற்றிய சுமை, முள் மிக உயர்ந்து நின்ற இடம், அது நடந்த நேரமும் வீதியும். ஒரு மாதம் எழுதினால் முள் எப்போது ஏறுகிறது என்ற கேள்விக்குக் கொப்பியே விடை சொல்லும். சாரதி மாறினாலும் குழுவின் அறிவு மாறாது. மெக்கானிக்கிடம் போகும்போது, “சூடாகுது, பாருங்கோ” என்று சொல்வதற்கும், “மூன்று தொன் ஏற்றினா ஒரு மணித்தியாலத்தில ஏறுது, நின்றா இறங்குது, ஒரு பயணத்துக்கு அரை லீற்றர் குறையுது” என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்ட மெக்கானிக் தேவையற்ற சாமானை மாற்ற மாட்டார்.

குழுவாகப் பேசிப் பார்க்க

1. உங்கள் லொறியிலோ உழவு இயந்திரத்திலோ சூடு மீற்றர் வேலை செய்கிறதா? 100 பாகை எந்த இடம் என்று யாருக்காவது தெரியுமா?

2. கடந்த ஒரு மாதத்தில் எத்தனை லீற்றர் தண்ணீர் ஊற்றினீர்கள்? அது எந்தக் கிணற்றுத் தண்ணீர்? அந்த வீட்டுக் கேத்திலின் உள்ளே என்ன தெரிகிறது?

3. இதுவரை சூட்டுக்காக மாற்றிய சாமான்கள் எவை? அவற்றுள் சோதித்துப் பார்த்து மாற்றியவை எத்தனை, ஊகத்தில் மாற்றியவை எத்தனை?

4. வரும் மாரியில் லொறிக்கென மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் பொறுப்பை யார் எடுப்பது?

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதியபின், எஞ்சின் ஆறியிருக்கும் ஒரு காலையில் எல்லோரும் லொறியடியில் கூடுங்கள். முதலில் மூடியைக் கழற்றி அதன் இறப்பரைப் பாருங்கள். விசாரணையை அங்கிருந்து தொடங்கலாம்.